பூனை கேட்ட கம்ப்யூட்டர்

அத்தியாயம் 6

திரையில் மறுபடியும் யாரோ பூனை கேட்டார்கள்.

காணாமல் போனவனின் தங்கச்சி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். "அண்ணன்தான் டீச்சர்! உயிரோட இருக்கான்!"

"சத்தம் போடாதேம்மா, உக்காரு" என்றார் டீச்சர். குரலில் அப்படி ஒரு நிதானம். டீச்சர் கோபமாக இருந்தால் எனக்குக் கவலையே இல்லை. அவர் நிதானமாகப் பேசினால்தான் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

டீச்சர் பல வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவர். பரீட்சையில் எவன் எவனைப் பார்த்து எழுதினான் என்பதை விடைத்தாளை வைத்தே சொல்லிவிடுவார். அந்தத் திறமைக்குப் பள்ளிக்கூடம் சின்ன இடம் என்று தோன்றியதால் துப்பறிய வந்துவிட்டார். நான் அவருடைய உதவியாளன். வாய் ஓயாத ஆள் என்பதால் எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். பயம் வந்தால் எனக்குப் பேச்சு இன்னும் கூடிவிடும். அன்று மத்தியானம் நான் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

பேசாமல் என்ன செய்வது? தங்கச்சியின் அண்ணன் நேற்று சாயங்காலம், இருவரும் வேலை பார்க்கும் இதே ஆபீசிலிருந்து கிளம்பியவன் வீடு போய்ச் சேரவில்லை. காலையில் இவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'போலீசுக்குப் போனால் அண்ணனை மறந்துவிடு. வேலை முடிந்ததும் சாயங்காலம் வீட்டுக்கு வருவான்.'

"வந்துடுவான்னுதானே எழுதியிருக்கு?" என்று லிப்டில் ஏறும்போது டீச்சரிடம் கேட்டேன்.

"அதுதான்டா பயமா இருக்கு. வேலை வாங்கினவன் முகத்தை அந்தப் பையன் பார்த்திருப்பான். பார்த்தவனை எவன் வீட்டுக்கு அனுப்புவான்?"

ஏழாவது மாடி வருவதற்குள் என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. இதை அவளிடம் நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கும் தெரிந்திருந்தது. டீயைத் தொடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன்கிட்ட என்ன வேலை வாங்கப் போறாங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார் டீச்சர்.

"கம்ப்யூட்டர்ல பல ஜாதி டீச்சர்" என்றாள் தங்கச்சி. "ஒவ்வொண்ணுக்கும் சாஃப்ட்வேர் வாங்க ஒரு கடை. ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாஷை. ஒரு கடையில 'இன்ஸ்டால்'னு சொல்லணும். இன்னொரு கடையில 'ஆட்'. மூணாவது கடையில ஒரு கோடு போட்டு பெரிய 'எஸ்'. மாத்திச் சொன்னா கடைக்காரன் முகத்தைத் திருப்பிக்குவான்."

"என் மாமியார் வீடு மாதிரி" என்றேன்.

"ரேடியோ, கொஞ்சம் அணைடா."

"அண்ணன் ஒரு சோம்பேறி. இத்தனை பாஷை எவன் பேசறதுன்னு, ராப்பகலா உழைச்சு ஒரு கருவி எழுதினான். பேரு 'தரகர்'. எந்த மிஷின்ல உக்காந்தாலும் 'தரகர் கொண்டா'ன்னு ஒரே கட்டளை. அது எந்தக் கடைன்னு பார்த்து, அந்த பாஷையில பேசி, சாமானை வாங்கிட்டு வந்துடும். பேங்க், ஆஸ்பத்திரி, கடைத்தெருன்னு எங்க கம்பெனி பார்த்துக்கிற எல்லா மிஷின்லயும் இப்ப தரகர்தான்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "அதாவது, முன்னாடி நாலு பூட்டுக்கு நாலு கள்ளச்சாவி வேணும். இப்ப ஒண்ணு போதும்."

தங்கச்சி தலையாட்டினாள். தரகரின் அடுத்த புதுப்பிப்புக்குள் விஷத்தை வைத்து, அண்ணனின் டிஜிட்டல் கையெழுத்தோடு அனுப்பினால், எல்லா ஊர் மிஷினும் கதவைத் திறந்து உள்ளே விட்டுவிடும். அந்தக் கையெழுத்தை அவன் ஒருவனால்தான் போட முடியும். போட்ட பிறகு அவன் தேவை இல்லை.

"சரி, பூனை எங்கேருந்து வந்தது?"

"இந்த ஆபீஸ் கிடங்கு என் பொறுப்பு. எங்க மிஷின் எல்லாம் வெளிக்கடைக்குப் போகாம இந்தக் கிடங்குலதான் வாங்கும். யார் எதைக் கேட்டாலும் இந்தத் திரையில விழும். வேலை கத்துக்கிட்ட புதுசுல நான் ஒரு பேக்கேஜ், அதான் ஒரு குட்டி சாஃப்ட்வேர், எழுதிப் போட்டேன். அதை வாங்கினா ஒரு பூனை வந்து திரையில உக்காரும். அவ்வளவுதான். அது இருக்கிறது எனக்கும் அண்ணனுக்கும்தான் தெரியும். இன்னிக்கு காலையிலேருந்து யாரோ அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாங்க."

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் வந்தார். நல்ல மனுஷர். எங்களை வாசலில் நிறுத்தாமல் உள்ளே விட்டதும், டீ வாங்கித் தந்ததும் அவர்தான். கையில் போன். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏதாவது தெரிஞ்சுதாம்மா? தைரியமா இரும்மா" என்றார்.

"என்ன சார், நேத்து நிச்சயமான மாப்பிள்ளை மாதிரி போனையே பார்க்கிறீங்க?" என்றேன்.

"பையன்கிட்டேருந்து ஏதாவது வருமான்னுதான்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கே என் வாயை நினைத்து வெட்கமாகப் போய்விட்டது.

திரையில் இன்னொரு பூனை விழுந்தது. மேனேஜர் போனைப் பார்த்தார். தங்கச்சி திரையைப் பார்த்தாள். டீச்சர் இருவரையும் பார்த்தார்.

"எந்த மிஷின்லேருந்து கேட்கிறான்னு தெரியாதா?"

"எல்லாம் ஒரே வாசல் வழியா வருது டீச்சர். வாசல் தெரியுது, வீடு தெரியல." அவள் குனிந்து வரியை மறுபடி படித்தாள். சட்டென்று நிமிர்ந்தாள். "ஆனா பாஷை தெரியுது! கட்டளை ஒண்ணுதான், ஆனா தரகர் மிஷினுக்குத் தகுந்த மாதிரிதானே மொழிபெயர்த்துப் பேசும்? இது செத்துப்போன கடையோட பாஷை. மூடி ரொம்ப நாளாச்சு. அதை ஏன்டா இன்னும் தரகர்ல வச்சிருக்கேன்னு நானே சண்டை போட்டிருக்கேன். ஒரே ஒரு மிஷின் இன்னும் இருக்குன்னு சொன்னான்."

"எந்த மிஷின்?"

"கேட்டுக்கலையே!" அவள் அழுதுவிட்டாள். "நான் கேட்டுக்கவே இல்லையே!"

"எனக்குத் தெரியும்" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

ஆபீசில் எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடும் சீனியர் இன்ஜினியர். தரகர் என்றாலே அவருக்கு ஆகாது. காலையிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"இந்தக் கட்டடத்து ஏசி மிஷினை ஓட்டுற கம்ப்யூட்டர். கீழ, அடித்தளத்துல. நான்தான் வச்சேன்."

ஏழு மாடிக்குக் கீழே! ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்த அண்ணன் எங்கள் காலடியில் இருந்திருக்கிறான்.

மேனேஜர்தான் முதலில் சுதாரித்தார். "அந்த ரூம் கார்டு என் டிராயர்ல இருக்கு. எடுத்துட்டு ஓடி வரேன்." போகிற போக்கில் டீச்சரின் காதருகே குனிந்தார். "பெரியவர் மேல ஒரு கண்ணு வைங்க மேடம். அந்த மெயிலை மறக்காதீங்க."

அந்த மெயில் நேற்று ராத்திரி அண்ணன் பெயரில் ஆபீசுக்கே வந்திருந்தது. 'உடம்பு சரியில்லை. இரண்டு நாள் லீவு. புது மிஷின்களுக்கு இப்படிச் செய்யவும்' என்று போட்டு, நாலு கடைக்கு நாலு கட்டளை. இதைப் பார்த்ததுமே தங்கச்சி சொல்லியிருந்தாள், இது அண்ணன் எழுதியது இல்லை என்று. தரகரைப் பெற்றவன் ஒரு வரி எழுதுவானே தவிர நாலு வரி எழுதமாட்டான். ஆபீசில் இன்னும் நாலு பாஷையிலும் பேசுகிற பிடிவாதக்காரர் ஒருவர்தான். அவர் இப்போது எங்கள் எதிரில், அடித்தளத்தை நன்றாகத் தெரிந்தவராக, நின்றுகொண்டிருந்தார்.

நான் மெதுவாக டீச்சரின் நாற்காலிக்குப் பின்னால் நகர்ந்தேன். அவரைக் காப்பாற்றத்தான்.

டீச்சர் மெயிலைத் திருப்பிப் பெரியவரிடம் காட்டினார். "நீங்க எழுதினதா சார்?"

பெரியவர் படித்தார். முகம் சிவந்தது. "என்னைத் திருடன்னு சொல்லுங்க, பொறுத்துக்கறேன். இதை நான் எழுதினேன்னு சொல்லாதீங்க. ஒவ்வொரு வரி கடைசியிலயும் பாருங்க. 'எதுவும் கேட்காதே, எல்லாத்துக்கும் சரி'ன்னு ஒரு வாலு. சாமானை இறக்கறதுக்கு முன்னாடி கடைக்காரன் ஒரு கேள்வி கேட்பான். என்னென்ன வரப்போகுது, எதெது போகப்போகுது, சரியான்னு. அதைப் படிக்காம சரி சொல்றவன் வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடறவன். அந்த வாலை நான் என் ஆயுசுல போட்டதில்லை. இதுக்காகத்தான் அந்தப் பையன்கிட்ட தினம் சண்டை. தரகர் அந்த வாலை ஒட்டாம விடாது."

டீச்சர் அப்படியே உறைந்து உட்கார்ந்தார். "தரகர் ஒட்டும்?"

"எல்லா வரியிலயும் தானா ஒட்டும்" என்றாள் தங்கச்சி. "வேணும்னா, எந்தக் கடையில எப்படிப் பேசுவேன்னு செய்யாம சொல்லி மட்டும் காட்டும்."

"காட்டச் சொல்லும்மா."

அவள் அடித்தாள். திரையில் நாலு வரி வந்தது. மெயிலில் இருந்த அதே நாலு வரி. அதே வரிசை. நாலு வாலும் அப்படியே.

"காப்பி அடிக்கிற பையன் விடையை மட்டும் அடிக்கமாட்டான்" என்றார் டீச்சர். "பக்கத்துப் பையனோட பழக்கத்தையும் சேர்த்து அடிச்சுடுவான். எது விடை, எது பழக்கம்னு அவனுக்குத் தெரியாது பாரு. பெரியவர் தலையில கட்டறதுக்காக இதை எழுதினவனுக்கு நாலு பாஷையில ஒண்ணுகூடத் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சது தரகர் மட்டும்தான். இந்த ஆபீஸ்ல அப்படி யாரும்மா?"

தங்கச்சி யோசித்தாள். "எங்க எல்லாருக்குமே கொஞ்சம் கொஞ்சம் தெரியும் டீச்சர். சுத்தமாத் தெரியாதவர்னா மேனேஜர் சார்தான். அவர் கணக்குப் பிரிவுலேருந்து வந்தவர். தரகர் வந்தப்புறம்தான் வாழ்க்கையிலயே முதல் கட்டளை அடிச்சார். அன்னிக்கு சந்தோஷத்துல எல்லாருக்கும் கேக் கூட..."

ஒவ்வொரு பூனைக்கும் மேனேஜர் போனைப் பார்த்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணன் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் அந்தப் போனில் தெரிந்துகொண்டிருந்திருக்கிறது. மாப்பிள்ளையாம், நிச்சயமாம். என் வாயைத் தைத்தால் என்ன?

"கார்டு எடுக்கப் போனவர் எங்கே?" என்றார் டீச்சர்.

நான் நடைபாதைக்கு ஓடினேன். லிப்டின் கதவுக்கு மேலே எண் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று. இரண்டு. இடம் தெரிந்துவிட்டது என்று நாங்களே காட்டிக்கொடுத்து, நாங்களே கொலைகாரனை அனுப்பி வைத்திருக்கிறோம்.

"ரேடியோ, படி வழியா ஓடு!" என்று டீச்சர் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. பிறகு தங்கச்சியின் தோளைப் பிடித்தார். "உன் அண்ணன் பூனையை எதுக்கும்மா கேட்டான்? ஒரு தடவை கேட்டா இருக்கேன்னு சொல்றான். திரும்பத் திரும்ப எதுக்கு? அந்தப் பூனையை மாத்தி எழுத உன்னால மட்டும்தானே முடியும்?"

தங்கச்சியின் முகம் மாறியது. "கை நீட்டறான்" என்றாள். "உள்ள எதையாவது வச்சு அனுப்புன்னு என்கிட்ட கை நீட்டறான். நான் காலையிலேருந்து வெறும் பூனையா அனுப்பிட்டு இருக்கேன்."

"அந்த மிஷினால என்ன பண்ண முடியும் சார்?" என்று பெரியவரிடம் கேட்டார் டீச்சர்.

"அது புகைன்னு சொன்னா கட்டடமே நம்பிடும்" என்றார் பெரியவர், ஏற்கெனவே அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துக்கொண்டு. "சங்கு ஊதும். கட்டடத்துல எல்லா மின்பூட்டும் திறக்கும். அடிம்மா. நான் சொல்றேன்."

நான் படியில் இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்கு. உருண்டேன் என்பதுதான் சரி. ஓடும்போது எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். நான் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அங்கே என்ன செய்வேன்? தாமதமாகப் போனால் எதைப் பார்ப்பேன்? வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் பேச்சு வரவில்லை.

அடித்தளத்தில் மிஷின்களின் இரைச்சல். கடைசியில் ஒரு இரும்புக் கதவு, பக்கத்தில் சிவப்பு விளக்கு. தள்ளினேன். அசையவில்லை. காதை வைத்தேன்.

"கையெழுத்துப் போட்டியா இல்லையா?" மேனேஜரின் குரல்தான். 'தைரியமா இரும்மா' என்று சொன்ன அதே குரல்.

"போட்டாச்சு சார்." இன்னொரு குரல். வறண்டுபோன குரல். "ஆனா ஒரு பேக்கேஜ் குறையுது. அது இல்லாம வெளியே போகாது."

"எது?"

"பூனை."

"காலையிலேருந்து பார்க்கிறேன், என்னடா அது பூனை பூனைன்னு?"

"கையெழுத்தைச் சரிபார்க்கிறது சார். வாங்கினேன், கடைசிப் படியில அறுந்துடுச்சு. இன்னொரு தடவை வாங்கினா முடிஞ்சுடும். நீங்க கையைக் கட்டிட்டீங்களே, எப்படி அடிப்பேன்?"

உள்ளே இரும்பு ஏதோ தரையில் உரசியது. எடுத்தாரா, வைத்தாரா? கதவில் முழு உடம்பையும் சாய்த்துக்கொண்டேன். மேலே அவள் எழுதி முடித்திருப்பாளா? முடிக்காவிட்டால் இன்னொரு வெறும் பூனை வரும். அதற்குப் பிறகு அண்ணனிடம் சொல்ல வேறு கதை இருக்காது.

"அவுத்துவிட்டா நீ ஏதாவது பண்ணுவே. நானே அடிக்கிறேன். சொல்லு."

"உங்களுக்குத் தெரிஞ்சதுதான் சார். தரகர் கொண்டா பூனை."

ஒற்றை விரலால் எழுத்துத் தேடித் தேடி அடிக்கிற சத்தம். டக். டக். நீண்ட இடைவெளி. டக். ஒரு மனுஷன் இவ்வளவு மெதுவாகவா அடிப்பான்?

பிறகு ஒன்றும் இல்லை. மிஷின்களின் இரைச்சல் கூட நின்றுவிட்டது. செத்தோம் என்று நினைத்தேன்.

சங்கு ஊதியது.

கட்டடமே அலறியது. என் காதுக்குப் பக்கத்தில் 'டொக்' என்று பூட்டு விட்டது. நான் ஏதோ வீரமாகப் பாய்ந்தேன் என்று டீச்சர் பிறகு எல்லோரிடமும் சொன்னார். உண்மை என்னவென்றால், சாய்ந்திருந்த கதவு திறந்ததும் நான் மூட்டை மாதிரி உள்ளே போய் விழுந்தேன். விழுந்த இடத்தில் மேனேஜர் இருந்தார். அவர் கையில் ஒரு பெரிய ஸ்பேனர் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பூனை வாலைச் சுருட்டி உட்கார்ந்திருந்தது.

நெருப்பு என்று ஓடிவந்த காவலாளிகள் இரண்டு பேர் அவரை என் அடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது அவர் என்னிடம், "நான் என்ன தப்பா அடிச்சேன்?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

தங்கச்சி வந்து அண்ணன் கட்டை அவிழ்த்தாள். அவசரத்தில் முடிச்சு இறுகிக்கொண்டே போனது, பல்லால் இழுத்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். விஷம் வெளியே போகவில்லை என்று மட்டும் அவன் சொன்னான். "கையெழுத்தே போடல பாப்பா. போட்டேன்னு சொல்லிட்டே இருந்தேன். நீ கண்டுபிடிச்சுடுவேன்னு நினைச்சேன். கடைசியில நம்பிக்கை போயிடுச்சு."

"நேரமாயிடுச்சுடா" என்றாள். "மன்னிச்சுக்கோடா."

டீச்சரும் பெரியவரும் படியிறங்கி மூச்சு வாங்க வந்தார்கள். பெரியவர் நேராகத் திரைக்கு முன்னால் போய் நின்று, மேனேஜர் அடித்த ஒற்றை வரியை நெடுநேரம் பார்த்தார்.

"அந்த வாலு இல்லாம இந்தக் கடைக்காரன் கேள்வி கேட்டிருந்தா," என்றார், "இந்தப் பூனை சங்கு ஊதப் போகுது, பூட்டைத் திறக்கப் போகுது, சரியான்னு எல்லாத்தையும் வரிசையா காட்டியிருப்பான். அந்த ஆள் படிச்சிருப்பான். நீ பிழைச்சிருக்க மாட்டே."

அண்ணன் தலையைத் தூக்கினான். அவன் முகத்தில் அப்போதுதான் ரத்தம் வற்றியது. அந்தப் பயம் அவனிடமிருந்து எனக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

"நீங்க சொன்னதுதான் சரி சார்" என்றான். "படிக்காம யாரும் சரி சொல்லக் கூடாது. அந்த வாலை எடுத்துடறேன்."

"எடு" என்றார் பெரியவர். குனிந்து அவன் தலையில் கையை வைத்தார். "நாளைக்கு எடு. இன்னிக்கு அதைத் தொடாதே."